கண், குரல், தசை: இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூன்றாவதாக எதைப் பழகலாம்?

நுனிவிரல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கடைசியில் இருக்கிறது. அவசரமாக இருப்பவர்கள் நேரே அங்கே போய்விடலாம். மற்றவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு வாரமாக எனக்கு வேறெதிலும் மனம் நிற்கவில்லை.

மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அந்தப் பட்டையைத்தான் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் மெட்டா திரை வைத்த கண்ணாடியோடு சேர்த்து அறிவித்ததே, அது. தெரிந்தவர் ஒருவர் வாங்கியிருந்தார். ஒரு மாலை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார். கை பாட்டுக்கு மடியில் கிடக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகத் தொட்டுக்கொள்கின்றன. கண்ணாடிக்குள் மெனு திறக்கிறது! மேசைக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன், வேலை செய்தது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், அப்போதும் செய்தது. கேமரா எதுவும் கையைப் பார்க்கவில்லை. பட்டை கவனிப்பது தசையில் ஓடும் மின்சாரத்தை.

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகின்றன. மூளையின் கட்டளை தண்டுவடத்துக்கு வந்து, அங்குள்ள நரம்பணு வழியே தசையிழையை எட்டும்போது ஒரு மின்துடிப்பு எழும். தோலின் மேல் வைத்து அளந்தால் சில மைக்ரோவோல்ட்டிலிருந்து ஓரிரு மில்லிவோல்ட் வரை கிடைக்கும். மருத்துவத்தில் இஎம்ஜி என்று பல காலமாக அளந்து வருவதுதான். இப்போது என்ன நடந்திருக்கிறது என்றால், முன்பின் தெரியாத ஒருவர் கட்டிக்கொண்டதும் அவர் கையைப் பட்டை புரிந்துகொள்கிறது. ஆயிரக்கணக்கானவர்களின் சிக்னலைச் சேர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். பட்டையைச் செய்த மெட்டா குழு 2025-இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பேனா பிடிப்பது போல விரல்களைச் சேர்த்துக்கொண்டு எழுதுகிற அசைவை மட்டும் வைத்தே நிமிடத்துக்கு 20.9 சொல் எழுத முடிந்தது என்று இருக்கிறது. பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. கீபோர்டில் வேகமாக அடிப்பவருக்கு அது குறைந்த எண். எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இதே யோசனைதான் 2013-இல் மயோ என்ற கைப்பட்டையாக வந்தது, நினைவிருக்கிறதா? முழங்கைக்குக் கீழே மாட்ட வேண்டும், 8 சென்சார். 2018-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் காப்புரிமைகளைக் கண்ட்ரோல் லேப்ஸ் வாங்கியது, அந்த நிறுவனத்தையே 2019-இல் பேஸ்புக் (இன்றைய மெட்டா) வாங்கியது. நாம் முடிந்த கதை என்று ஒதுக்கியது மணிக்கட்டு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான். கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வகத்தில் முதல் மர மவுஸைச் செய்தது 1964-இல், மவுஸோடு மேக்கின்டாஷ் கணினி வந்தது 1984-இல். பல விரல் தொடுகையை 1980-களிலேயே ஆய்வகங்களில் செய்துவிட்டார்கள், நம் கைக்கு ஐபோனாக வந்தது 2007-இல். அப்படியென்றால் அடுத்து வரப்போவது இப்போதே எங்கோ ஓர் ஆய்வகத்தில் ஒயர்கள் தொங்கக் கிடக்கிறது. அதைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதைவிட எனக்குச் சந்தோஷமான பொழுதுபோக்கு கிடையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் வேலை இயந்திர பாகங்களுக்கு விளக்கப்படம் வரைவது. பம்பு, கியர்பெட்டி, வால்வு என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துக் காட்டும் படங்கள். நாள் முழுக்க வலது கையில் ஸ்டைலஸ், இடது கை ஷார்ட்கட் சாவிகளின் மேல். இரண்டு கைக்கும் ஓய்வே கிடையாது. ஆனால் படம் வரையும்போது மூன்றாவது கை ஒன்று வேண்டியிருக்கிறது. லேயர் மாற்ற, கோட்டின் தடிமன் மாற்ற, பக்கத்துத் திரையில் இருக்கும் மூல வரைபடத்தை நகர்த்த. ஒவ்வொரு முறையும் பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப வந்து விட்ட இடத்தைத் தேடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கைவலி எதுவும் இல்லை. என் உடம்பில் இன்னும் பயன்படாத வழிகள் எத்தனையோ இருக்க, கம்ப்யூட்டர் இரண்டு கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்பதுதான் என் ஆதங்கம்.

சிலவற்றைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரண வெப்கேமிலேயே கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப்பை ஓடவிட்டேன். முதல் அரைமணி நேரம் மாயாஜாலம். அப்புறம் தோள் கெஞ்சத் தொடங்கியது. குரலும் பார்த்தேன். கட்டளையைச் சொல்ல வாய் திறந்ததும், மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த 'இந்தக் கோடு இங்கே முடிய வேண்டும்' என்ற யோசனை அறுந்துபோகிறது. ஓர் உபகரணத்தின் பெயரை எழுதும்போது குரல் அருமை. வரையும்போது இல்லை.

ஆக, கண்ணைப் பின்தொடரும் கருவி, குரல், தசைப் பட்டை, இந்த மூன்றில் எதை முதலில் உட்கார்ந்து பழகலாம்? அல்லது நான் யோசிக்காத நான்காவது ஏதாவது இருக்கிறதா? இவற்றோடு மாதக்கணக்கில் வேலை செய்தவர்கள் பதில் சொன்னால் ரொம்ப உதவும். விமரிசன வீடியோக்களில் யாரும் சொல்லாத விஷயங்களைக் கேட்க ஆசை.


கருவிழி பதில்:

நுனிவிரல், உங்கள் பதிவைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவள். மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொட முடியாமல் போனதால் கண்ணும் குரலுமாகவே நிரல் எழுதுகிறேன். டாலன் என்ற மென்பொருள், திரைக்குக் கீழே ஒரு கண் கருவி. வேறு வழியில்லாமல் தொடங்கியது, இப்போது கை சரியான பிறகும் இதை விட மனமில்லை.

கண்ணைப் பற்றி யாரும் சொல்லாததைக் கேட்டீர்கள். கருவி அகச்சிவப்பு ஒளியை உங்கள் கண்மேல் வீசும். விழிப்படலத்தில் தெறிக்கும் சின்ன வெளிச்சப் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் இடையில் உள்ள தூரத்தையும் திசையையும் வைத்துப் பார்வை எங்கே என்று கணக்கிடும். நல்ல கருவியிலும் அரையிலிருந்து ஒரு டிகிரி வரை பிசகு இருக்கும். ஒரு டிகிரி என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 65 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது திரையில் ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகம். உங்கள் வரைகலை மென்பொருளில் லேயர் பட்டியலின் ஒரு வரி அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். கருவி எவ்வளவு மேம்பட்டாலும் இது முழுக்கத் தீராது. கண் கூர்மையாகப் பார்க்கும் பகுதியே ஏறக்குறைய இரண்டு டிகிரி அகலம். அதற்குள் எங்கே விழுந்தாலும் பொருள் தெளிவாகத் தெரியும் என்பதால் கண் அதற்கு மேல் துல்லியமாகக் குறிபார்க்க மெனக்கெடுவதில்லை.

அடுத்தது கிளிக். தொட்டதெல்லாம் பொன்னான அரசனின் பெயரால் மைடாஸ் சிக்கல் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். பார்த்ததெல்லாம் கிளிக் ஆனால் வாழ முடியாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கிளிக் என்று வைக்கலாம். அந்த நேரத்தைக் குறைத்தால் படிக்கும்போதே எதையாவது திறந்துவிடும், கூட்டினால் எரிச்சல் வரும். சரி, கிளிக்குக்கு ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே இன்னொரு வேடிக்கை. விரல் பட்டனை அழுத்தும் நேரத்தில் கண் ஏற்கெனவே அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவுவது. முடிவு செய்த உடனே அதற்கு அங்கே வேலை முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் என் கிளிக்குகள் பாதி, நான் அடுத்துப் பார்த்த இடத்தில் விழுந்தன. கிளிக் வரும்வரை பார்வையை நிறுத்தி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது ஒரு புதிய பழக்கம், வாத்தியம் பழகுவது போல உடம்பில் ஊற நாளாகும்.

ஆனால் சுட்டுவதைக் கண்ணுக்கும் உறுதி செய்வதை வேறொன்றுக்கும் பிரித்துக் கொடுத்தால் அது அற்புதமான கூட்டணி. 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ இப்படித்தான் செய்கிறது. கண் சுட்டும், மடியில் இருக்கும் விரல்கள் கிள்ளும். என் மேசையில் கண் கர்சரைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும், தலையின் மெல்லிய அசைவு அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தும், உதட்டால் 'பப்' என்று ஒரு ஒலி எழுப்பினால் கிளிக். அந்த ஒலிக்குச் சொல் தேவையில்லை, அதனால் நீங்கள் சொல்கிற யோசனை அறுவது நடப்பதில்லை. இதை ஒருமுறை முயன்று பாருங்கள்.

குரலைப் பற்றி ஒன்றுதான். தொண்டையிலும் இருப்பது தசைதான். நாள் முழுக்கப் பேசினால் அதுவும் களைக்கும். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், கட்டளைகள் ஓரசையாக இருக்கட்டும். டாலனில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஏர், பேட், கேப், டிரம் என்று சுருக்கச் சொற்கள் வைத்திருப்பது அதற்காகவே.

கடைசியாக, டேஷர் என்ற எழுதும் மென்பொருளைத் தேடிப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் டேவிட் மெக்கே குழு செய்தது. எழுத்துகள் வலப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி மிதந்து வரும், கண்ணால் வேண்டிய எழுத்துக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். அடுத்து வர வாய்ப்புள்ள எழுத்துக்குப் பெரிய பெட்டி. 2002-இலேயே நேச்சரில் வந்தது. கண்ணின் குணத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே கட்டிய முதல் இடைமுகம் என்று எனக்குப் படுகிறது.


கம்பிச்சுருள் பதில்:

பட்டை கண்ணாடியோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். உங்கள் வரைகலை மென்பொருளோடு அதைக் கோக்க இப்போதைக்குக் காத்திருக்காதீர்கள். ஒன்றிரண்டு சேனல் (ஒரு தசைக்கு ஒன்று) நீங்களே செய்யலாம். நான் செய்து பயன்படுத்துகிறேன்.

தேவை: தசை சிக்னலைப் பெருக்கும் சின்ன போர்டு, இஎஸ்பி32 என்ற ப்ளூடூத் வசதியுள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று, தோலில் ஒட்டும் எலக்ட்ரோடுகள். ஒரு தசைமேல் இரண்டு எலக்ட்ரோடு, தசையின் நீளவாக்கில். மூன்றாவது, முழங்கை எலும்பு போல தசை இல்லாத இடத்தில். வினாடிக்கு 1000 முறையாவது அளங்கள். தசை சிக்னலின் பெரும்பகுதி 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மயோ வினாடிக்கு 200 முறைதான் அளந்தது, அதில் பாதியான 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வுகள் கைக்கே வராது. மெட்டா குழுவின் ஆய்வுப் பட்டை 2000 முறை அளக்கிறது. அந்தக் கருவி மயோவைவிட ஏன் நன்றாகப் புரிந்துகொள்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளந்ததை என்ன செய்வது? மின் இணைப்பிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டுங்கள். மீதியை நேர்மதிப்பாக்கி மென்மையாக்கினால் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற ஒரே ஒரு கோடு கிடைக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் கிளிக். விடுவதற்கு அதைவிடத் தாழ்ந்த இன்னோர் அளவு வையுங்கள், இல்லாவிட்டால் எல்லையில் நின்று ஒரு கிளிக் ஐந்து கிளிக்காகத் துடிக்கும். இஎஸ்பி32-ஐ ப்ளூடூத் கீபோர்டாக நடிக்க வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் கேள்வி கேட்காமல் ஏற்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு முக்கியமான சங்கடம் இருக்கிறது. வலது கை பேனாவைப் பிடித்தபடியே இருக்கிறது. அந்த முன்கைத் தசை ஓய்வில் இருப்பதே இல்லை. அழுத்தி ஒரு கோடு இழுத்தால் கிளிக் ஆகிவிடும். இடது கையும் சாவிகளின் மேல். ஆகவே முன்கையை மறந்துவிடுங்கள். நான் தாடையில் வைத்திருக்கிறேன், காதுக்கு முன்னால். கடைவாயை லேசாகக் கடித்தால் கூர்மையான, பெரிய சிக்னல். வரையும்போது யாரும் பல்லைக் கடிப்பதில்லை (அப்படிச் செய்பவராக இருந்தால் கெண்டைக்கால் பாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது அது சும்மாதான் இருக்கிறது). அதிகம் இறுக்க வேண்டாம், வரம்பைத் தாழ்வாக வையுங்கள். நாள் முழுக்க அழுந்தக் கடித்தால் தாடை வலிக்கும்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேனலில் 'உண்டு, இல்லை' என்பது நம்பகமாகக் கிடைக்கும். எவ்வளவு இறுக்கம் என்பதும் ஓரளவு கிடைக்கும். தனித்தனி விரலைப் பிரித்தறிவது நிறைய எலக்ட்ரோடும் நிறையத் தரவும் கேட்கும். எலக்ட்ரோடு ஒரு விரலகலம் நகர்ந்தால் நேற்றைய வரம்பு இன்று பொருந்தாது. காலையில் போட்டதும் ஒருமுறை இறுக்கி, ஒருமுறை தளர்த்தி வரம்பைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்படி நிரலில் எழுதிவிடுங்கள். பெரிய தொல்லை தீரும்.

கருவிழி அம்மா சொன்ன கூட்டணிக்கு இது சரியாகப் பொருந்தும். கண் சுட்டட்டும், தாடை கிளிக் செய்யட்டும்.


இருபதுமில்லி பதில்:

நான் மெய்நிகர் உலகக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுபவன். தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையில் 20 மில்லிவினாடிக்குள் முடிக்க வேண்டும் என்பதோடு தினமும் போராடுகிறேன், பெயர்க்காரணம் அதுதான். மேலே இருக்கும் இரண்டு பதிலையும் ஒப்புக்கொண்டு, ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன்.

கண், குரல், தசை மூன்றுமே ஒருவழிப் பாதை. நீங்கள் சொல்வீர்கள், கருவி கேட்கும். கருவி திரும்ப உங்கள் உடம்புக்கு எதுவும் சொல்லாது. நுனிவிரல், நீங்கள் வரைபவர். பேனா நுனி கண்ணாடியில் உரசும் அந்த உணர்வு இல்லாமல் உங்களால் ஒரு நல்ல வளைவு இழுக்க முடியுமா? தொடு உணர்வைத் திருப்பித் தரும் கருவிகளில்தான் அடுத்த பெரிய பாய்ச்சல் இருக்கிறது என்று நம்புகிறேன். மீயொலியால் வெறும் காற்றில் தொடுகை தரும் பலகையில் கை வைத்திருக்கிறீர்களா? 40 கிலோஹெர்ட்ஸில் அதிரும் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றின் அலையும் ஒரே புள்ளியில் சேரும்படி நேரத்தைச் சரிசெய்வார்கள். 40 கிலோஹெர்ட்ஸ் தோலுக்குத் தெரியாது, அதனால் அதை 200 ஹெர்ட்ஸ் அளவில் ஏற்றி இறக்குவார்கள். உள்ளங்கையில் ஏதோ ஊர்வது போல இருக்கும். எதிரே பார்த்தால் வெறும் காற்று! முதன்முதலில் உணர்ந்தபோது வாய்விட்டுக் கத்தினேன்.

உங்கள் மேசைக்கு அது உடனே உதவாது என்பது தெரியும். உதவக்கூடியது ஸ்மார்ட்நாப். 2022-இல் திறந்த வடிவமைப்பாக வெளியானது. ஒரு திருகு குமிழ், உள்ளே தூரிகையில்லா மோட்டார், தலையில் வட்டத் திரை. குமிழின் 'டிக் டிக்' தடைகள் இயந்திரத்தில் இல்லை, மோட்டார் நொடியில் உண்டாக்குவது. லேயர் மாற்றும்போது ஒவ்வொரு லேயருக்கும் ஒரு தடை. கோட்டின் தடிமனுக்குத் தடையே இல்லாத வழுக்கல். கடைசி லேயர் வந்ததும் சுவர் போல நிற்கும். பார்க்காமலே எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியும். செய்வது எளிது என்று சொல்லமாட்டேன், சின்ன பாகங்களைச் சால்டர் செய்யத் தெரிய வேண்டும்.

நான்காவது வழி கேட்டீர்கள். கால்! மவுஸைச் செய்த அதே குழு, லைட் பேனா, ஜாய்ஸ்டிக் இவற்றோடு மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் கருவி ஒன்றையும் வைத்துப் போட்டி நடத்தியது. அந்தச் சோதனை 1967-இல் வெளியானது. பழக்கமில்லாதவர்களிடம் முழங்கால் கருவி மவுஸைவிட வேகமாக இருந்தது. பழகியவர்களிடம் மவுஸ் வென்றது, உலகம் மவுஸோடு போனது. அதே எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திக்காட்டிய செயல்விளக்கத்தில் வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்தே சாவி கொண்ட சிறு பலகை. ஐந்து விரலின் சேர்க்கைகளை வைத்தே எழுத்துகளை அடிப்பார். நாம் வலது கைக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நுனிவிரல், உங்கள் இடது கை இப்போது முழுக் கீபோர்டின் மேல் ஓடியாடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து சாவி என்றால் கையே நகர வேண்டாம், 31 சேர்க்கைகள். எனக்கு இந்த ஐந்து சாவிப் பலகைமேல் தீராத காதல்.

மூளைக்குள் வைக்கும் கருவிகளைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2021-இல் தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஒருவர், எழுதுவதாக மனதில் நினைத்தே நிமிடத்துக்கு 90 எழுத்து அடித்தார். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு குழு, பேச முயல்வதை மட்டும் வைத்து நிமிடத்துக்கு 62 சொல் எடுத்தது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1024 மின்முனைகள் கொண்ட தன் கருவியை முதல் மனிதருக்குப் பொருத்தியது. பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அது குரலையும் கையையும் இழந்தவர்களுக்கு உரிய கொடை. லேயர் மாற்ற மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை.


நுனிவிரல் எழுதியது:

இப்படி ஒரு பதில் வரிசை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. நன்றி, மூவருக்கும்.

வலது முன்கை ஓய்வில் இருப்பதே இல்லை என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். மணிக்கட்டுப் பட்டையை மடியில் கை வைத்துச் சோதித்தபோது அது அவ்வளவு அழகாக வேலை செய்ததற்குக் காரணமே, கை சும்மா இருந்ததுதான் போலிருக்கிறது. வேலை செய்யும் கையில் கட்டினால் என்ன ஆகும் என்று அடுத்த முறை பேனாவோடு சோதிக்கிறேன். வரைகிற அசைவையும் கட்டளை அசைவையும் ஒரே தசையில் பிரித்தறியும் மென்பொருள் ஒன்று வந்தால், அதுதான் என் கனவுக் கருவி. அழுத்தம் கூடக்கூடத் தடிமன் கூடுவது ஸ்டைலஸில் இருக்கிறது. பேனாவைப் பிடிக்கும் இறுக்கம் இன்னோர் அளவாக வந்தால் எப்படி இருக்கும்! ஒரே கோட்டில் இரண்டு குணத்தை ஒரே சமயத்தில் மாற்றலாம். நினைக்கவே தூக்கம் வரவில்லை.

என் திட்டம் இது. முதலில் கண் கருவி, ஆனால் லேயர் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அதனால் பிடிக்க முயலப்போவதில்லை. கருவிழி சொன்ன ஒரு சென்டிமீட்டர் கணக்கை வைத்துத் திரையைப் பெரிய பகுதிகளாகப் பிரிக்கிறேன். லேயர் பகுதியைப் பார்க்கிறேனா, மூல வரைபடத்தைப் பார்க்கிறேனா, வரையும் இடத்தையா, இது மட்டும் கண்ணிலிருந்து. அந்தப் பகுதிக்குள் மேலும் கீழும் போக இடது கையில் ஒரு குமிழ். எந்தப் பகுதியைப் பார்க்கிறேனோ அதற்கேற்பக் குமிழின் தடைகள் மாறும். இப்படிச் செய்தால் துல்லியமும் வேண்டாம், மைடாஸ் சிக்கலும் வராது, ஏனென்றால் வெறுமனே பார்ப்பதால் எதுவும் மாறாது. குமிழைத் திருப்பினால்தான் மாறும்.

தாடை கிளிக் அதற்கு அடுத்த கட்டம். கம்பிச்சுருள், இரண்டு சந்தேகம். எலக்ட்ரோடு தாடியின் மேல் ஒட்டுமா? பேசும்போது, மெல்லும்போது தானாகக் கிளிக் ஆகாதா?

முழங்கால் சோதனையைப் பற்றி இன்றுதான் அறிந்தேன். மேசைக்கு அடியில் என் முழங்காலை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.


கருவிழி பதில்:

பகுதிகளாகப் பிரிக்கும் யோசனை அருமை. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குமிழில் விரல் பட்ட அந்தக் கணத்தில் எந்தப் பகுதியைப் பார்த்தீர்களோ அதையே விரலை எடுக்கும்வரை பூட்டி வைக்கச் சொல்லுங்கள். லேயரைத் திருப்பிக்கொண்டே உங்கள் கண் படத்துக்குத் தாவும், ஏனென்றால் மாற்றம் அங்கேதான் தெரியும். பூட்டாவிட்டால் பாதித் திருப்பலில் குமிழ் வேறொன்றை மாற்றத் தொடங்கிவிடும்.

கண்ணாடி அணிபவராக இருந்தால் கருவியைத் திரையின் அடியில் நடுவில் வையுங்கள், மேலிருக்கும் விளக்கு லென்ஸில் பளிச்சிடாத கோணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் உயரத்தை மாற்றினால் கருவியை மறுபடி உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்.


கம்பிச்சுருள் பதில்:

தாடியின் மேல் ஒட்டாது. நெற்றிப்பொட்டுக்கு வாருங்கள், கடிக்கும்போது அங்கே ஒரு தசை புடைப்பதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். தொப்பிப் பட்டையின் உள்பக்கம் துணி எலக்ட்ரோடு தைத்துக்கொண்டால் ஒட்டுவதே வேண்டாம்.

பேசினால் சிக்னல் சிறியது, வரம்புக்குக் கீழேயே நிற்கும். மெல்லும்போது நிச்சயம் தாண்டும். அடுத்தடுத்து இருமுறை சட்டென்று கடித்தால் மட்டும் கிளிக் என்று வையுங்கள், இரண்டுக்கும் இடையில் கால் வினாடிக்குள். மென்றுகொண்டிருப்பது அவ்வளவு வேகமாக நடக்காது. நிச்சயமாக வேண்டுமென்றால் ஒரு சாவியால் முழுவதையும் அணைத்து வைக்கும் வசதி கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது போர்டு பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். யூஎஸ்பி கேபிள் செருகியிருக்கக் கூடாது, சார்ஜில் இருக்கும் லேப்டாப்போடு ஒருபோதும் கூடாது. நிரலை ஏற்ற வேண்டுமென்றால் முதலில் தொப்பியைக் கழற்றுங்கள். போர்டு கைக்கு வந்ததும் முதல் அலைவடிவத்தை இங்கே போடுங்கள், வடிகட்டி அளவுகளைச் சேர்ந்து பார்ப்போம்.